கடைசி வரியில் ஒரு சைபர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். நம் அச்சகத்துப் பெரிய மெஷின்தான் ஒரு வாரமாக இருமிக்கொண்டிருக்கிறது. உன் அத்தான் அதன் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. என்னைவிட அதன்மேல்தான் உங்களுக்குக் கரிசனம் என்று சொன்னால் சிரிக்கிறார், மறுக்கமாட்டேன் என்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது. தலைநகரத்துக் குளிரைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, வந்த விஷயத்தைக் கடைசி ஆறு வரியில் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதிலும் அப்படித்தான். ஏதாவது கேட்க வந்தால் முதலில் என் கையெழுத்து அழகு என்பாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அச்சகத்தில் நின்று போனில் பேசுவதும் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்றுதான்.

தேர்தல் செலவு விதிகளைத் திருத்தும் குழுவில் நீ இருப்பதில் எனக்குப் பெருமை. வேட்பாளர்களுக்கு அச்சடிக்கும் வேலை நிஜமாக எப்படி நடக்கிறது என்று குழுவிடம் சொல்ல ஓர் அச்சகக்காரர் வேண்டும், யாராவது கிடைப்பார்களா அக்கா என்று கேட்டிருக்கிறாய். எப்படி நடக்கிறது என்பது உனக்குத் தெரியாததா என்ன? அந்தக் காகிதக் கட்டுகள்மேல் படுத்துத் தூங்கித்தானே வளர்ந்தாய். இருந்தாலும் உன் பெரியவர்களுக்குப் படித்துக் காட்ட வசதியாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு தேர்தல் நோட்டீசின் கடைசி வரியிலும் அச்சகத்தின் பெயரும், எத்தனை பிரதி என்பதும் இருக்கவேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் வேட்பாளரின் அச்சுச் செலவைப் போடுகிறார்கள். செலவுக்கு வரம்பு உண்டு, தாண்டினால் ஜெயித்த பதவியும் போய்விடும். வரம்பு என்னவோ நீயும் நானும் பள்ளிக்கூடம் போன காலத்தில் வைத்தது. அதற்குள் அடங்கி நோட்டீஸ் அடித்தால் பத்து வீட்டுக்கு ஒன்று தேறாது. அதனால் நாற்பதாயிரம் அடித்துவிட்டு நாலாயிரம் என்று போடச் சொல்வார்கள். "ஒரு சைபர் கம்மி" என்றால் எங்கள் தெருவில் எந்த அச்சகத்திலும் விளக்கம் கேட்கமாட்டார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்சிகள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

அப்பா வைத்த வழக்கமும் மாறவில்லை. வேலைக்கு ஒரு ஜாப் கார்டு, அதில் உண்மையான எண். மெஷின்காரருக்கு எத்தனை ரீம் காகிதம் ஏற்றுவது என்று தெரியவேண்டுமே. வேலை முடிந்தால் நான் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கம்பியில் குத்துவேன். கம்பி நிறைந்தால் கட்டிப் பரணில் ஏற்றுவோம். ப்ரூஃபில் வரும் எண் ஒவ்வொன்றையும் கார்டோடு ஒப்பிடுவது என் வேலை. தேர்தல் நோட்டீசின் கடைசி வரியை மட்டும் ஒப்பிடாதே என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார்.

உனக்காக நாலு அச்சகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் தனக்குப் பல்வலி என்றார், தேர்தல் முடியும்வரை இருக்குமாம். இன்னொருவர் வீட்டில் இல்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவரே சொன்னார். கடைசியில் உன் அத்தானிடம் கேட்டேன். உன் தம்பிக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது, நமக்கு இதுதான் சீசன் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வேறு ஊரில் யாராவது கிடைப்பார்கள், தேடிப்பார்.

குல்லாய் போட்டுக்கொள். அங்கே யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

உன்
அக்கா

*

அன்புத் தம்பி,

என் முந்தைய கடிதம் உன்னிடம் வந்து மூன்று வாரம் இருக்கும். அதற்குள் இங்கே ஒரு தப்பு நடந்துவிட்டது. என் கையால்தான் நடந்தது.

நம் மருந்துக்கடை அண்ணன் இந்தத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். அப்பாவின் கடைசி வருஷத்தில் வெயில் மழை பார்க்காமல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவர். குடிதண்ணீர்க் குழாயைப் பற்றி மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், கேட்கிற இடத்தில் நானே உட்கார்ந்துவிடுகிறேன் என்று இறங்கிவிட்டார். நாற்பதாயிரம் நோட்டீஸ் வேண்டும் என்றார். கடைசி வரி வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், எல்லாரும் போடுகிற மாதிரியே போட்டுவிடு அம்மா என்றார். மற்றவர்கள் அப்படிக் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை.

டைப் செய்யும் பெண் நாலாயிரம் என்று சரியாகத்தான் அடித்திருந்தாள். ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தபோது பக்கத்தில் கார்டு இருந்தது, கையில் சிவப்புப் பேனா இருந்தது. பழக்கதோஷம், ஒரு சைபரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிளேட் போட்டவர், மெஷின் ஓட்டியவர், கட்டுக் கட்டியவர் யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. அச்சகத்தில் இருப்பவர்கள் எதையும் படிக்கமாட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

மூன்றாம் நாள் எல்லா நோட்டீசும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. எதிர்த்து நிற்கும் பெரிய கட்சியில் கடைசி வரியை மட்டும் படிக்க ஓர் ஆள் வைத்திருப்பார்கள்போல. தேர்தல் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்சிக்குப் பக்கத்து அச்சகத்தில் இரண்டு லட்சம் ஓடியதும், அதில் இருபதாயிரம் என்று போட்டதும் தெருவுக்கே தெரியும். அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அச்சிட்டது நாலாயிரமா நாற்பதாயிரமா, பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். நாற்பதாயிரம் என்றால் அண்ணன் வரம்பைத் தாண்டியவராகி, நிற்கும் தகுதியை இழக்கலாம். நாலாயிரம் என்றால் நான் பொய் எழுதிக் கொடுத்தவளாகிறேன், ஆனால் எல்லாரும் பிழைத்துப்போவார்கள்.

உன் அத்தான் இதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அச்சுப்பிழை என்று ஒரு வரி எழுதிக் கொடு, உலகத்தில் இல்லாததா என்றார். நான் அப்படி யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை என்றேன். இது என்ன பதக்கமா, நெஞ்சில் குத்திக்கொண்டு திரிய என்று கேட்டுவிட்டு மெஷினிடம் போய்விட்டார். பிறகு இரண்டு நாள் எங்களுக்குள் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. மை தீர்ந்துவிட்டது, டீ வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நேற்று அண்ணனே வந்தார். ஆள் அனுப்பவில்லை, சத்தம் போடவும் இல்லை. காகிதம் வெட்டும் மெஷின் பக்கமிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அச்சுப்பிழைன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. பொய்தான், இல்லேங்கல. ஆனா இத்தனை வருஷமா நீ அச்சடிச்சதும் அதைத்தானே? எனக்கு மட்டும் ஏம்மா உண்மை?"

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். நிற்கிற ஐந்து பேரில் குழாயைப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள் அவர். அவர் தலையில் போய் விழவேண்டுமா என் சைபர்?

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதினேன். கெடு முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

என் அருமைத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் ஒரு பார்சலோடு வருகிறது. பார்சலைப் பிரிக்கும் முன் இதைப் படி.

உன் பதிலை மூன்று தடவை படித்தேன். "அக்கா, பேசாம கையெழுத்துப் போட்டுடு. குழுவுக்கு வேற சாட்சி கிடைக்கும், எனக்கு வேற அக்கா கிடைக்கமாட்டா" என்று எழுதியிருக்கிறாய். முதலில் கோபம் வந்தது. இதற்கா உன்னைச் சட்டம் படிக்கவைத்தோம் என்று தோன்றியது. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். டைப் செய்யும் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். உன் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கையெழுத்துப் போடவில்லை.

அண்ணன் கேட்ட கேள்விக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பதில் கிடைத்தது. அவருக்கு மட்டும் உண்மை என்றால் அது அநியாயம்தான். அப்படியானால் எல்லாருக்கும் இருக்கட்டும். மூடுவதற்கு முன் மருந்துக்கடைக்குப் போனேன். நாற்பதாயிரம் என்றுதான் விளக்கம் கொடுக்கப்போகிறேன், கூடவே பரணில் இருக்கும் கார்டுகளையும் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். இதுவரை நாங்கள் அச்சடித்த பதினொரு தேர்தலின் கார்டுகள், எல்லாக் கட்சியுடையதும். அவர் தராசுக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பெரிய கட்சியோடதும் போகுதா?" என்று மட்டும் கேட்டார்.

போகிறது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு என் பிரஷர் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. வழக்கமாக உப்பைக் குறை என்று திட்டுவார், அன்றைக்குத் திட்டவில்லை. அது எனக்கு வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். பொய் எண் போட்ட அச்சகத்தின் உரிமத்தைப் பறிக்கலாம் என்று விதி இருப்பது அவருக்கும் தெரியும். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலையில் நான் அச்சகத்துக்குப் போனபோது ஏணி போட்டிருந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பரணிலிருந்து கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். உனக்கு முதுகு வலி, நீ ஏறினால் நான்தான் உன்னையும் சேர்த்து இறக்கவேண்டும் என்றார். பெரிய மெஷினை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று அவர் போனில் யாரையோ விசாரித்ததும் என் காதில் விழுந்தது. கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

உன் குழுவுக்கு நான் சொல்ல நினைப்பதையும் எழுதிவிடுகிறேன். வரம்பை முதலில் நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். எட்டு வயதில் தைத்த சட்டையை நாற்பது வயதில் போடச் சொன்னால் எவனும் பொத்தானைத் திறந்துவிட்டுத்தான் நடப்பான். எத்தனை பிரதி என்று வேட்பாளரைக் கேட்டுப் பயனில்லை, காகிதக் கடைக்காரரைக் கேளுங்கள். எந்த அச்சகம் எத்தனை ரீம் வாங்கியது என்று அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். இன்னொன்றும் தோன்றுகிறது. எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவில், வீட்டுக்கு ஒன்று வீதம், அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் என்ன? மருந்துக்கடை அண்ணனும் பெரிய கட்சியும் ஒரே காகிதத்தில் நிற்பார்கள். எங்கள் தொழிலில் பாதி போய்விடும், உன் அத்தான் இந்த வரியைப் படித்தால் ஏணியைத் திரும்பப் போட்டுக் கட்டுகளை மேலே ஏற்றிவிடுவார். என்றாலும் எழுதிவிட்டேன்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. போன கடிதத்தில் பழக்கதோஷம் என்று எழுதினேன், உன் அத்தானிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நம்பாதே. பதினொரு தேர்தலாக அந்த வரியை ஒப்பிடாமல் விடுவதுதான் என் பழக்கம். எத்தனை நூறு நோட்டீஸ் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கும், ஒருமுறைகூட என் பேனா அந்த இடத்தில் நின்றதில்லை. அன்று காலையில் உன் கடிதம் மேஜை டிராயரில் இருந்தது. யாராவது கிடைப்பார்களா அக்கா என்று நீ கேட்டிருந்தாய். என்னைக் கேட்கவில்லை, யாராவது என்றுதான் கேட்டாய். அக்கா மாட்டாள் என்று உனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் போட்ட சைபர் அது. அது அண்ணன் தலையில் விழும் என்று அந்த நிமிஷத்தில் யோசிக்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது, உன் குழுவுடையதல்ல.

தேர்தல் அலுவலகத்துக்கு விளக்கம் நேற்றே போய்விட்டது. கார்டுகளின் நகலை அவர்களுக்குக் கொடுத்து, அசலை உனக்கு அனுப்பியிருக்கிறேன். உன் கல்லூரிச் சம்பளம் கட்டிய வருஷங்களின் கார்டுகளும் அதில் இருக்கின்றன, அவற்றை எடுத்துத் தனியாகப் பார்க்காதே. சாட்சிகளின் பட்டியலை நீதான் எழுதுவாய் என்று தெரியும். என்ன உறவு என்று கேட்கும் கட்டம் இருந்தால் அதையும் நிரப்பிவிடு.

நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இருக்கவேண்டும். பார்சலில் முந்நூற்றுப் பன்னிரண்டு கார்டுகள். எண்ணி வாங்கிக்கொள். ஒவ்வொன்றிலும் அக்காவின் கையெழுத்து இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஒன்றைக்கூட ஒளித்துவைக்காதே, தம்பி.

உன்
அக்கா