பராமரிப்பவர் ஏழு

பிப்ரவரி 3

என் வாலுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் எழுது. போனில் கேட்டால் அவர் காதில் விழும்படி "சூப்பரா இருக்கார்" என்கிறாய். இருப்பது ஒன்றரை அறை, அதில் அவர் காதில் விழாமல் நீ எதைச் சொல்லிவிட முடியும்? அதற்காகத்தான் கடிதம். மறைக்காமல் எழுது.

என் பாடு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. பதினாலு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில் ஆராய்ச்சிப் படிப்பு தேவையா என்று கேட்டாயே, இப்போது அதையே நானும் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமும் மனித அறிவியலும் சேர்ந்த படிப்பு என்று பெயர் என்னவோ பெரிதுதான். நடைமுறையில் நான் மூன்று துறைக்கு வாக்கப்பட்ட மருமகள். மருத்துவப் பேராசிரியர் "எண்ணிக்கை எங்கம்மா?" என்கிறார். சமூகவியல் மேடம் "மனுஷங்க எங்கம்மா?" என்கிறார். உளவியல்காரர் எதுவும் கேட்பதில்லை, சிரிக்கிறார். எனக்கென்று ஒரு மேசைகூட இல்லை. மூன்று கட்டிடத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.

ஆராய்கிற விஷயம் நானாகக் கேட்டு வாங்கியது. பக்கவாதம் வந்தவர்களை வார்டிலிருந்து அனுப்பும்போது, "வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று சீட்டில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! வீட்டில் யார் பார்க்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கு என்ன ஆகிறது? அதுதான் கேள்வி. பன்னிரண்டு வீடு வேண்டும், ஆறு முடிந்தது. ஆறு பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பதில்: "பரவாயில்லங்க, சமாளிக்கிறேன்." மேடம் பதிவைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் வாசல்ல நின்னு பேசுற பேச்சு. நீ உள்ள போகவே இல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நீயாவது உண்மை பேசு.

ஓடிக்கொண்டே எழுதும்,
அக்கா


பிப்ரவரி 11

படித்துக் கிழிக்கும் அக்காவுக்கு,

உண்மைதானே வேண்டும்? இந்தா.

வலது பக்கம் அப்படியேதான் இருக்கிறது. பேச்சில் மூன்று சொல் மிச்சம்: வா, போ, வேணாம். வீட்டை ஆள்வது இடது கைதான். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன் இல்லையா, இந்தக் கட்டிடத்து லிஃப்டுக்கு அவர்தான் இன்னமும் டாக்டர். அது மேலே வரும்போது எங்கேயாவது "டக்" என்றால் உடனே கட்டிலைத் தட்டுகிறார். நான் "சரிப்பா, சொல்லிடறேன்" என்பேன். நம்பமாட்டாய், அவர் தட்டி இரண்டு நாளில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. மூன்று மாடி ஏறி வருகிறவர்கள் எல்லாரும் என்னை முறைக்கிறார்கள், ஏதோ நான் சாபம் போட்ட மாதிரி.

பகலில் அந்தக் கை என்னைத் தள்ளிவிடும். மத்தியானம் தூக்கத்தில் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். எடுத்தால் விழித்துவிடுவார் என்று அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. ஆபீசில் கடற்கரையோரம் மூன்று மாத நில அளவைக்கு ஆள் எடுக்கிறார்கள். வரைபடம் போட என்னைக் கேட்கிறார்கள். ஏப்ரல் பதினைந்தில் சேர வேண்டும். நான் விடுப்பு எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இதற்கும் வரவில்லை என்றால் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். நீ என்ன சொல்கிறாய்?

உன்,
வால்


பிப்ரவரி 20

வாலு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்தத் தூக்கத்துக் கை! ஆறு வீட்டில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தும் எனக்கு இப்படி ஒரு வரி கிடைக்கவில்லை. இன்னும் எழுது. தள்ளிவிடும்போது உனக்குக் கோபம் வருமா? வந்தால் என்ன செய்வாய்? நீ எப்போது சாப்பிடுகிறாய், எப்போது குளிக்கிறாய்? சின்ன விஷயமென்று ஒதுக்காதே.

இங்கே ஒரே அல்லாட்டம். கேள்வித்தாளைத் திருப்பி எழுதச் சொல்லிவிட்டார்கள், இது மூன்றாவது முறை. ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டத்துக்கு ஓடும் வழியில் ரொட்டியைக் கடிக்கிறேன். முதுகில் தலையணை வைத்து அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை. மறக்காதே.

உன் கடிதத்துக்காகத் தபால்பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கும்,
அக்கா


மார்ச் 2

அக்கா,

நர்ஸம்மா உத்தரவுப்படியே திருப்புகிறேன்.

கோபம் வருமா என்று கேட்டாய். வரும். வந்தால் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன். போன வாரம் அதோடு நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டார். துடைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி தட்டிவிட்டார். குப்பை போடுவதற்காகக் கீழே இறங்கினேன். குப்பையைப் போட்டேன். கால் நிற்கவில்லை, அக்கா. பஸ் நிறுத்தம் வரை போய், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நாலு நிறுத்தம். அந்த நாலு நிறுத்தமும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அப்புறம்தான் அப்பா தனியாக இருப்பது உறைத்தது. இறங்கி ஓடி வந்தேன். அவர் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு நனைந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொன்னதோடு இது முடிந்தது.

ஆபீஸ் விஷயம் எழுதியிருந்தேனே, கண்ணில் பட்டதா?

வால்


மார்ச் 14

என் தங்க வாலு,

உனக்கு ஒரு நல்ல செய்தி, ஒரு வேலை. செய்தி இது: ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்தை மேடம் படித்துவிட்டு, "இப்பதான் நீ உள்ள போயிருக்கே" என்றார். மருத்துவப் பேராசிரியர்கூட ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு பேரும் முடிந்தாயிற்று. ஏப்ரல் இருபதில் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். அது தேறினால்தான் மேலே படிப்பு.

வேலை இது: பன்னிரண்டு பேரின் அட்டவணையை ஒரு வரைபடமாகப் போட வேண்டும். இங்கே கணினியில் போட்டால் சேமியாவைக் கொட்டிய மாதிரி வருகிறது. உன் கை பட்டால்தான் கோடு கோடாக நிற்கும். அத்தியாயத்தையே அனுப்பியிருக்கிறேன். படித்தால் எது எங்கே வரவேண்டும் என்று உனக்கே புரியும். ஒரு வாரத்தில் அனுப்பிவிடு கண்ணே.

நன்றியோடும் அவசரத்தோடும்,
அக்கா


மார்ச் 21

அக்கா அவர்களுக்கு,

படித்தேன். எது எங்கே வரவேண்டும் என்று நன்றாகவே புரிந்தது.

"பராமரிப்பவர் ஏழு. திருமணமான பெண். மாமனார் ஓய்வுபெற்ற கடிகாரப் பழுதுபார்ப்பவர். சுவர்க்கடிகாரம் தப்பி அடித்தால் கட்டிலைத் தட்டுகிறார்." எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததற்கு மிக்க நன்றி. மாப்பிள்ளை யார் என்றும் எழுதியிருக்கலாம். நம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்று மூன்று வருடம் ஆகிறது. அதுகூட உனக்குத் தெரிந்திருக்காது.

தூக்கத்துக் கை அப்படியே இருக்கிறது. நாலு நிறுத்தமும் அப்படியே இருக்கிறது, ஒரு சொல் மாறாமல், பஸ் மட்டும் ரயிலாகியிருக்கிறது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தது அந்த இடத்தில்தானே? யாரிடமும் சொல்லாதே என்றேன். நீ பன்னிரண்டு பேரின் அட்டவணையில் போட்டுவிட்டாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அட்டவணையின் கடைசி வரிசை இருக்கிறதே, "வேலைவாய்ப்பு இழப்பு". ஏழாம் எண்ணுக்கு நேரே ஒரு டிக். அதாவது ஆபீஸ் விஷயம் உன் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு தடவை கேட்டேன், தங்கைக்குப் பதில் இல்லை. ஏழுக்கு மட்டும் டிக் போட்டிருக்கிறாய்.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. கோடுகள் நேராகத்தான் வந்திருக்கின்றன.

பராமரிப்பவர் ஏழு


மார்ச் 25

வாலு,

அடிக்க வேண்டுமானால் வந்து அடி. வாதாட மாட்டேன். ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்று, அதை ஒரு மாதிரிக்காக மட்டும்தான் தட்டச்சு செய்தேன். மேடம் பார்த்துவிட்டு, "இவங்க யாரு? இவங்களை விட்டுடாதே" என்றார். என் தங்கை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எடுத்துவிடச் சொல்வார் என்று தெரியும். அடுத்த கடிதத்தையும் சேர்த்தேன். அடிக்கோடு போட்டுப் போட்டு, பிரித்துப் பிரித்து, கடைசியில் ஏழு என்பது யாரோ ஒருத்தி ஆகிவிட்டாள். அத்தியாயத்தை உன்னிடமே அனுப்பினேன் என்றால் பார்த்துக்கொள். அது நீ என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இத்துடன் ஒப்புதல் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். மற்ற பதினோரு பேரிடமும் வாங்கியதுதான். நீ கையெழுத்துப் போட்டால் அத்தியாயம் பிழைக்கும். போடாவிட்டால் ஏழை எடுத்துவிடுவேன், அத்தியாயமும் அதோடு சரிந்துவிடும். உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குற்றவாளி,
அக்கா


ஏப்ரல் 1

வாலு,

பதில் இல்லை. போனை எடுத்து அப்பாவின் காதில் வைத்துவிடுகிறாய். அவர் மூச்சு விடுவதை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு வரி திட்டியாவது எழுது. தபால்பெட்டிப் பக்கம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை போகிறேன், காவலாளி என்ன நினைக்கிறாரோ.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

படிவத்தை முழுக்கப் படித்தேன். மூன்று பக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டேன், கடிதங்களை வைத்துக்கொள். ஆனால் இரண்டு திருத்தம். மாமனார் வேண்டாம், அப்பா என்றே போடு. கடிகாரம் வேண்டாம், லிஃப்ட் என்றே போடு. அவர் முப்பது வருடம் பார்த்த வேலை அது.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. "பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்." அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். இரண்டு வருடத்தில் யாரும் எனக்கு இப்படி ஒரு வரி எழுதித் தரவில்லை. டாக்டர் தந்த சீட்டில் இல்லை. நீ எழுதிய கடிதங்களிலும் இல்லை.

அதனால் விலகிக்கொள்கிறேன். உன் ஆராய்ச்சியிலிருந்து இல்லை. வீட்டிலிருந்து. ஏப்ரல் பதினைந்து முதல் ஜூலை பதினைந்து வரை. ஆபீசுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். அட்டவணையின் கடைசி வரிசையில் ஏழுக்கு நேரே இருக்கும் டிக்கை அழித்துவிடு. அது தப்பு.

மருந்து, சாப்பாடு, துணி எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினாலாம் தேதி சாயங்காலத்துக்குள் நீ வர வேண்டும். வரமுடியாது என்றால் அதற்குக் கடிதம் வேண்டாம். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கிறதா என்று அப்பா காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். நானும்தான்.

வால்


ஏப்ரல் 22

கடற்கரையில் வெயில் காயும் என் வாலுக்கு,

அன்று மாடிப்படியில் வைத்து நாம் பேசியது மொத்தம் ஆறு வார்த்தை இருக்குமா? நீ பெட்டியோடு இறங்கினாய், நான் பெட்டியோடு ஏறினேன். லிஃப்ட் ஓடவில்லை. அப்பா இரண்டு நாள் முன்னாலேயே தட்டியிருப்பார்.

மேடத்திடம் ஏழு யார் என்று சொல்லிவிட்டேன். பிறகு வாங்கிய கையெழுத்து முன்னால் செய்ததைச் சரியாக்காது என்றார். ஏழை எடுத்தாயிற்று. டிக்கும் போயிற்று. இருபதாம் தேதி குழுவின் முன்னால் நான் இல்லை. அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் தள்ளி வரச் சொல்லியிருக்கிறார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

உன் நோட்டு இல்லையென்றால் நான் முதல் நாளே ஓடியிருப்பேன். பதினாலு வருட நர்ஸ் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன்! வார்டில் எட்டு மணி நேரம் முடிந்தால் வேறொருத்தி வருவாள். இங்கே யாரும் வருவதில்லை. இது எனக்குத் தெரியாமல் இருந்ததா என்றால், தெரியும். அதைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தேன்.

தட்டை இதுவரை மூன்று தடவை தட்டிவிட்டார். பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன், நீ சொன்னது சரிதான், கொஞ்சம் உதவுகிறது. மத்தியானம் என் கையை அவர் பிடிக்கவில்லை. லிஃப்ட் நம் மாடியில் வந்து நிற்கும்போதெல்லாம் கதவைப் பார்க்கிறார். நான் முன்னால் போய் நின்றால் "போ" என்கிறார். தேடுவது உன்னை. நேற்று குப்பை போட இறங்கியவள் பஸ் நிறுத்தம் வரை போய் நின்றேன். ஒரு பஸ் வந்தது. ஏறவில்லை, ஆனால் ஏறாததற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. வந்த எட்டாவது நாளே இப்படி. நீ இரண்டு வருடம் இருந்தாய். நான் உன்னை இன்னும் எழுது, இன்னும் எழுது என்றேனே தவிர, இறங்கி வா என்று ஒரு தடவை சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஜூலை பதினைந்துக்கு ஒரு நாள் முன்னால்கூட வராதே. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

இன்று காலை கீழ்வீட்டம்மா மேலே வந்தார். "எப்படிம்மா போகுது?" என்றார். கதவைப் பாதி சாத்திப் பிடித்தபடி நின்றேன். கையில் ஈரத்துணி இருந்தது. உள்ளே அப்பா கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மாவிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது, வாலு. வாயைத் திறந்தேன். "பரவாயில்லங்க, சமாளிக்கிறேன்" என்று வந்தது.

உள்ளேயிருந்து,
அக்கா