இடுப்பளவு மேசை

ஜூன் 4
காலையிலேயே புழுக்கம். தி. நகர் புடவைக் கடைக்கு லீவு சொல்லியாயிற்று. சூபர்வைசர்: “திரும்பவுமா?” ஆமாம், திரும்பவும்தான்.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில். வலது தொடை எலும்பு முறிவு. முன்பு செயற்கை இடுப்பு மூட்டு வைத்த அதே கால்.

பக்கத்து மீன் கடை ராணியக்கா சொன்னது: “எப்பவும் ஷூ போட்டுகினு மீனு வாங்க வருவானே, அந்த ஷூக்காரன் வந்தான்டி. கீழ கெடக்குற வவ்வா மீனை ஷூ முனையால காட்றான், இது இன்னா வெலைன்னு. உங்கம்மா அத்த எடுத்துகினு எந்திரிச்சா. ஐஸ் தண்ணி. வழுக்கிடுச்சு.”

தரையில் உட்காராதே என்று மூட்டு வைத்தபோதே டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டில் உட்காரவில்லை. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அம்மாவின் மீன் கடையே தரைதான்.

அம்மாவுக்கு ஒரே சந்தேகம்: “இரும்பு வெச்ச காலு எப்டிடி ஒடையும்?”

ஜூன் 5
டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். “இரும்பு உடையல. சுத்தி இருக்கற எலும்புதான் உடைஞ்சிருக்கு. உள்ள இறக்கின தண்டு ஆடுது, அதனால பிளேட் மட்டும் போட்டா நிக்காது. பழைய தண்டை எடுத்துட்டு, முறிவைத் தாண்டிப் போற மாதிரி நீளமா ஒண்ணு வைக்கணும். எலும்பைச் சுத்திக் கம்பி.”

“நடப்பாங்களா? கடைக்குப் போவாங்களா?”

“நடப்பாங்க. தரையில மட்டும் கூடாது. கடை எதுக்கு, ரெஸ்ட் எடுக்கட்டுமே.”

கட்டிலிலிருந்து அம்மா: “ரெஸ்ட் எட்தா மீனு நாறிடும் டாக்டரு.”

நான் உட்கார்ந்தால் புடவைக் கடையில் திட்டு. அம்மா உட்கார்ந்தால் எலும்பு போகிறது. உழைக்கிறவள் உயரத்துக்கு இந்த ஊரில் ஒன்றுமே கிடையாது. எரிச்சல். டீயும் ஆறிப்போச்சு.

ஜூன் 9
ஆபரேஷன் முடிந்தது. முடிந்தது!
புது எக்ஸ்ரேயில் நீளத் தண்டு, சுற்றிக் கம்பி வளையங்கள். ராணியக்கா: “அய்ய, உடைஞ்ச கூடைய கட்ற மாதிரி கட்டிக்கீறாங்க.” அம்மா சிரித்து, வலித்து, அவளைத் திட்டி, மறுபடி சிரித்து.

ஜூலை 20
வாக்கர். பாதி பாரம்தான் வைக்கலாம். தெருவே வேடிக்கை பார்த்தது. “இன்னா பார்க்குற? ரேஸுக்கு வர்றியா?” என்றாள் அம்மா.

செப்டம்பர் 17
எலும்பு கூடிவிட்டது. முழு பாரம் வைக்கலாமாம்! தச்சரிடம் மீன் கடைக்கு மேசை செய்யச் சொன்னேன். அம்மாவின் இடுப்பளவு. தரையில் உட்கார்ந்து அரிகிற அருவாமனைக்குப் பதில் கத்தி, மரக்கட்டை.

செப்டம்பர் 28, ஞாயிறு
ராத்திரி மழை, காலையில் வெயில். சம்பளம் பிடிக்கட்டும், லீவு.

மார்க்கெட்டில் மேசையைப் பார்த்து ஒருவன்: “இன்னா, ஷோரூமா?” ராணியக்கா: “ஆமா நைனா, உள்ள வரணும்னா செருப்பக் கழட்டு.”

அம்மா நிற்கிறாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் வஞ்சிரம். வருகிறவர்கள் யாரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

ஷூக்காரர் வந்தார். பழக்கம், கால் முன்னால் போனது. மேசைக் காலில் இடித்தது.

அம்மா அவர் முகத்துக்கு நேராக: “எது வோணும் சார்? கையால காட்டு.”

காட்டினார்.