இருவர் வர வழி

அன்புள்ள அம்மணி,

நீ இருக்கும் காந்திபுரத்தைவிட இந்தக் கோபி சின்ன ஊர்தான். ஆனால் கல்லூரி விட்டதும் தெருவே கலகலக்கிறது. சக்கர நாற்காலியில் உன்னை நாலு பேர் பார்ப்பார்களே என்றுதான் உன் தங்கை வீட்டிலேயே இருந்துகொண்டாய். இங்கே பார்க்கிறவர்கள் எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நேற்று மாணவிகள் நம் புது வீட்டு வாசலை அடைத்து ஸ்கூட்டர்களை நிறுத்தியிருந்தார்கள். உன் நாற்காலி வர வழி வேண்டும் என்று அதட்டிவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க சார், தெரியாம நிறுத்திப்போட்டோம். அம்மாவுக்கு எத்தனை இடம் வேணுமுங்க?" என்றாள் ஒருத்தி.

நாற்காலியின் அகலத்துக்குக் கைகளை விரித்துக் காட்டினேன்.

"அது போதுமுங்களா? நீங்க பக்கத்துல நடந்து வர வேண்டாமுங்களா?"

அதை நான் யோசிக்கவேயில்லை.

சனிக்கிழமை உன்னை அழைக்க வருகிறேன். மறுத்தாலும் கோபமில்லை, அடுத்த சனிக்கிழமையும் வருவேன்.

உன் வாத்தியார்