பரணிலிருந்து சுட்ட மான்

ஐப்பசி 9, ஞாயிறு. மயிலாப்பூர்.

அமெரிக்காவிலிருந்து மகன் ரகு இன்று மாலை பேசினான். நண்பர்களுடன் காட்டுக்குச் சென்று ஓர் எல்க் மானைச் சுட்டிருக்கிறான்.

"நான் தொரத்தலைப்பா. மரத்துமேல பரண்ல சும்மா உக்காந்துண்டிருந்தேன். அதுவா வந்து நின்னுது."

அவன் விடியுமுன் இருட்டோடு பரணில் ஏறியதும், காற்றின் திசை பார்த்து, மனித வாடை எட்டாமல் அமர்ந்ததும் செயல்களே. ஆகவே காத்திருப்பதும் வேட்டைதான், உயிர்க்கொலைப் பாவம் அதிலும் உண்டு என்று விளக்கினேன்.

"அப்போ அடுத்த மாசம் தாத்தா திவசத்துக்கு நான் வரப்படாதா?"

அதற்கு விதி என்னவென்று யோசித்தேன். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டான்.

"கொழந்தை கேட்டா, வாடான்னு ஒரு வார்த்தை வாய்ல வராதோ?" என்றாள் மனைவி.

வராதே என்று நான் சொல்லவில்லை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அங்கே இப்போது பகல்தான். அழைத்தால் எடுப்பான். ஃபோன் மேசையிலேயே இருக்கிறது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.