பாஸ்டன் படிப்பும் பழைய பேப்பரும்

பண்ருட்டி,
16.2.2025

அன்புள்ள மகள் தமிழ்ச்செல்விக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, போன வாரம் பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போய்வந்தாள். முந்திரி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

அன்றைக்கு நீ போனில் பேசியதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கோபம்தான். நாற்பத்தொரு வயதில் கணக்கு வேலையை விட்டுவிட்டு தாவரவியல் படிக்கப் போகிறாய், அப்பா சரி என்றால்தான் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன் என்கிறாய். இங்கிலாந்தில் லீட்ஸில் இருந்தபோது நீ கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்காதவளுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், பாஸ்டனில் எந்த வயதிலும் வா, முதல் வருஷம் எதை வேண்டுமானாலும் படித்துப் பார் என்கிறார்களாம். நான் இங்கிலாந்துக்காரன் கட்சி. ஒரு பாடத்தை எடு, அதையே படி, வேலைக்குப் போ. என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியபோது எதைப் படித்துப் பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நான் இங்கிலீஷ் கற்றது உரமூட்டையிலும் பழைய பேப்பரிலும்தான். உலகம் எப்போது எப்படிப் புரளும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பிடித்ததைப் படிக்கிறேன் என்றாயே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் பேப்பர் படிப்பவனுக்கு எல்லாம் தெரியும். சண்டை வரும், எண்ணெய் விலை ஏறும், ஆளைக் குறைப்பார்கள். இதை உன் மாமா கதிர்வேலிடம் சொன்னேன், அவர் விடுவாரா, உலகத்துக்கே சொல்லுறியே மச்சான், தானே புயலுக்கு நாலு நாளு முன்னாடி தோப்பக் குத்தகைக்கு எடுத்தது யாருன்னு டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எடுத்தேன், முந்நூறு மரமும் சாய்ந்தது. ஆனால் கடலோரத்தில் புயல் வரும் என்பது எனக்குத் தெரியாதா? தேதிதான் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, பூவும் இலையுமா அந்தப் புள்ள பேப்பருக்குள்ள அழுத்திக் கட்டி வச்சிருந்தத பழைய பேப்பர்காரன் தராசுல தூக்கிப் போட்டீங்களே, மறந்துபோச்சா என்கிறாள். மறக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் நீ தாவரவியல் கேட்டாய், நான் வணிகவியலில் சேர்த்தேன், சிதம்பரத்தில் பி.காம். முடித்தாய், வேலை கிடைக்கும் என்றேன், கிடைத்தது. அதில் நான் தவறவில்லை. ஆனால் அந்தப் பேப்பர்க் கட்டை எடைக்குப் போடுமுன் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ அழவில்லை, மறுநாள் காலையில் வேறு பேப்பரை விரித்து அதில் ஓர் இலையை வைத்தாய். ஒருநாள் இதற்குத்தான் திரும்பிப் போவாய் என்று அப்போதே எனக்குத் தெரியும், தேதிதான் தெரியாது. கையெழுத்தைப் போட்டுவிடு. அமெரிக்காக்காரன் சொன்னான் என்பதற்காக அல்ல, நான் சொல்கிறேன் என்பதற்காக.

எடுத்த படிப்பு உனக்குக் கைகூடட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கவருக்குள் ஒரு முந்திரிப் பூங்கொத்தைப் பேப்பரில் வைத்து அழுத்தி அனுப்பியிருக்கிறேன், பேப்பரோடு வைத்துக்கொள், அதை நான் படித்து முடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
உத்திராபதி