ஆளுக்கு ஒரு சிப்பி

எப்போதும் வரிசைக்கு முன்னால் நடந்த என் அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகு சிப்பி ஓடையில் ஒரு நடைகூட நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சி பஸ் வந்து நிற்கும்போது மட்டும் என் காது தானாக ரோட்டுப் பக்கம் போகிறது. இறங்குகிறவர்கள் சந்தைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்விடுகிறார்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக யாரும் இறங்குவதில்லை.

இந்தத் தடவை வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது. நான் இப்போதும் அதன் தாள் அறுக்கும் கூலி வேலைக்குத்தான் போகிறேன். அங்கே உங்கள் பேச்சு அடிக்கடி வரும். “வெயில்ல ஊராளுக்குக் கல்லு காட்டுவாளே, அந்தப் பொண்ணா? பாவம், காய்ச்சல்ல போயிட்டா” என்பார்கள். நான் குனிந்தபடி அறுத்துக்கொண்டிருப்பேன். வெங்காயத்துக்கு நடுவில் அழுதால் யாருக்கும் தெரியாது, அண்ணி. அது ஒரு வசதி.

அரியலூர்ப் பக்கம் உங்கள் ஊர் ஓடை சுண்ணாம்புக் கல்லுக்காகப் பெரிய பள்ளமாகிப் போனதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர் நீங்கள். வந்த புதிதிலேயே எங்கள் ஓடைக்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதுவும் ஒருநாள் போய்விடும் என்றீர்கள். நாங்கள் யாரும் நம்பவில்லை. கருவேலும் சூரை முள்ளும், மழை அறுத்த மண்மேடும், அதில் கல்லாகிக் கிடக்கும் கடல் சிப்பியும். இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தோம்.

“பாக்காத எடத்துக்காக எவனும் வாயத் தொறக்க மாட்டான் பாப்பா. மொதல்ல நடக்க வைப்போம்” என்றீர்கள். பெரம்பலூரில் படிக்கும் இரண்டு காலேஜ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் நடை ஆரம்பித்தீர்கள். யாரிடமும் காசு வாங்கியதில்லை. கடல் இருந்த இடம் என்று நீங்கள் சொன்னதும், வந்தவர்கள் காலுக்குக் கீழே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் நடை என்பீர்கள். கௌதாரி கத்தினால் உங்கள் வாய் மூடிவிடும். அதற்கு மட்டும்தான் மூடும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிற எனக்கும் ஒரு வேலை கொடுத்தீர்கள். “கடைசியில நீ வா. யாராச்சும் உக்காந்தா நீயும் உக்காரு. அவங்க எந்திரிச்சா எந்திரி. பேசவே வேணாம்.” எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது. முன்னால் உங்கள் குரல், பின்னால் நான். நடுவில் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள்.

அண்ணன் கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறது அப்போதும் உங்களுக்கு வருத்தம்தான். ஆனால் சண்டை போட்டதில்லை. “காலையில நீ காட்டு, பின்னாடியே நான் வந்து அள்ளிக்கிறேன்” என்று அண்ணன் சாப்பிடும்போது சீண்டும். “அள்ளுங்க மாமா. தட்டுலயும் அதையே போடுறேன்” என்பீர்கள். சொல்லிக்கொண்டே கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவீர்கள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நடை முடிந்ததும் ஆளுக்கு ஒரு சிப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வீர்கள் இல்லையா? கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல, கையில் ஒன்று இருந்தால்தான் நாளைக்குக் கூப்பிட்டதும் வருவார்கள் என்பீர்கள். ஒவ்வொருவரும் ஒன்றுதான் எடுத்தார்கள், அண்ணி. ஆசைப்பட்டு இன்னொன்று கேட்டவர்களுக்குக்கூட நீங்கள் கொடுக்கவில்லை.

ஓடையில் சுண்ணாம்புக் கல் எடுக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. இங்கே சிப்பி இருக்கிறது, எடுக்கக் கூடாது என்று காலேஜ் பிள்ளைகள் மனு போட்டார்கள். அடுத்த மாதம் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். அதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க ஜீப்பில் ஆபீசர்கள் வந்தார்கள். காலேஜ் பிள்ளைகளுக்குப் பரீட்சை. வழி காட்ட என்னைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நாம் நடக்கிற தடத்திலேயே கூட்டிப்போனேன். பெரிய ஆபீசர் கெட்டவர் இல்லை. “சிப்பி சிப்பின்னு மனு போட்டிருக்கீங்களே, எங்கேம்மா இருக்கு?” என்று பொறுமையாகத்தான் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். முன்பெல்லாம் மிதிக்காமல் நடக்க இடம் தேடுவோமே, அந்தச் சரிவில் வெறும் மண். கொஞ்சம் உடைந்த ஓடு. அவ்வளவுதான்.

உள்ளே தள்ளி, ஓடை வளைவில் நிறைய இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. பக்கத்தில் நின்றவர், “வெறும் பொட்டக்காடு சார், இந்த வெயில்ல எதுக்கு?” என்றார். ஜீப்பைத் திருப்பிவிட்டார்கள். தடத்தில் நான் மட்டும் நின்றேன். பின்னால் நடக்க, எனக்கு முன்னால் யாருமில்லை.

உங்களுக்கு இது தெரியாதா, அண்ணி? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை நீங்கள் பார்க்கவே இல்லையா? இல்லை, பார்த்தும், ஆட்கள்தான் முக்கியம் என்று நினைத்தீர்களா? யாரிடம் கேட்பேன்?

வீட்டுக்கு வந்து, உங்கள் போனில், நடைக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரலாகவே பேசி அனுப்பினேன். எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. திரும்பத் திரும்ப அழித்துவிட்டுப் பேசினேன். “நீங்க எடுத்துட்டுப் போனதத் திருப்பிக் கொண்டுவாங்க, கூட்டத்துக்கும் வாங்க” என்றேன். நிறையப் பேர் கை கூப்பிய படம் போட்டார்கள். ஒருத்தர் ஷோகேசில் இருப்பதைப் போட்டோ எடுத்துப் போட்டார். ஒரு அக்கா கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டார். கூட்டத்துக்கு வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் வேலை இருக்கும்தானே?

நேரில் வந்தவர் ஒரே ஒருத்தர். திருச்சியிலிருந்து பஸ் பிடித்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தார். ஓடைக்குக் கூட்டிப்போனேன். இங்கே வைக்கலாமா, அங்கே வைக்கலாமா என்று மேட்டில் சுற்றிச் சுற்றி வந்தார். “எங்க எடுத்தேன்னு தெரியலையேம்மா” என்றார். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் சிப்பி எதையாவது சொல்லும், இடம் மாறினால் அது ஊமை என்று காலேஜ் பிள்ளை ஒருத்தர் சொன்னது ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு மதிய பஸ்ஸில் போய்விட்டார். அது இப்போது உங்கள் நடைப் பைக்குள் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் என் முன்னால் வந்து நின்றது. டிப்பரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு நத்தைச் சிப்பி இருக்குமே, நீங்கள் கொடுத்தது. அதைக் கையில் வைத்திருந்தது.

“இதையும் சேத்துக்க” என்றது.

“எங்க எடுத்ததுண்ணே?”

“ஒத்தப் பனைக்குக் கீழ. கல்யாணமான புதுசுல கூட்டிட்டுப் போனா. அந்த எடம் எனக்குத் தெரியும்.”

இரண்டு பேரும் போனோம். அண்ணன் நேராகப் போய், பனைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் அதை வைத்தது. பொருந்தி உட்கார்ந்தது, அண்ணி. நிமிர்ந்து பார்த்தால், பனைக்கு அந்தப் பக்கம் சிவப்புப் பெயின்ட் அடித்த அளவுக் கல். அந்தப் பனையும் நாங்கள் நின்ற இடமும் கம்பெனி கேட்ட எல்லைக்குள்தான் இருக்கின்றன.

அண்ணன் அந்தக் கல்லிடம் போய்ப் பெயின்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, “நான் ஓட்டலைன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான்” என்றது. என்னிடம் சொன்னதா, உங்களிடம் சொன்னதா தெரியவில்லை. மறுநாள் காலையில் வண்டி எடுக்கப் போனது. நான் வெங்காயத்துக்குப் போனேன். வேறு என்ன செய்வது?

வருகிற ஞாயிறு நடை உண்டு என்று குழுவில் போட்டிருக்கிறேன். முன்னால் யார் நடப்பார்கள் என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. எனக்கும் தெரியாதே. யாரும் வராமலும் போகலாம். வந்தாலும் கூட்டத்தில் பேசுவார்களா, பேசினாலும் கேட்பார்களா, எதுவும் என் கையில் இல்லை.

ஒன்றை மட்டும் செய்வேன். கிளம்புவதற்கு முன்னால், எல்லோரும் பார்க்க, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வேன்: “எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க.” உங்கள் வழக்கத்தை மாற்றுகிற வார்த்தை அது. முன்னால் நின்று நான் சொல்லப்போகிற முதல் வார்த்தையும் அதுதான். ஏன் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், அண்ணி. சத்தியம்.

சொல்லிவிட்டுக் கடைசிக்குப் போய்விடுவேன். யாராவது உட்கார்ந்தால் நானும் உட்காருவேன்.

இன்னும் உங்கள் குரலுக்குப் பின்னாலேயே வருகிற,
உங்கள் நாத்தனார் கோகிலா