மரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள்

என் அன்புக்குரியவருக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் பால்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமைப் புயலில் நம் பாதையின் பெரிய மரம் குறுக்கே சாய்ந்துவிட்டது. சரிவில், இரண்டு மேட்டுக்கும் நடுவே பாலம் போலக் கிடக்கிறது; வண்டி வர வழியில்லை. அத்தைக்குச் சனிக்கிழமை டயாலிசிஸ் தவறிவிட்டது. முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். சேறு வழுக்கி, அவர்களைக் கீழே போட இருந்தோம். மரம் வெட்டும் ஆட்கள் எல்லோரும் பெரிய சாலையில் இருக்கிறார்கள். நம் முறை வரப் பத்து நாளாகுமாம். செவ்வாய்க்கிழமையைத் தாண்டினால் எதற்கும் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது என் தம்பி, உங்கள் மரம் அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு, நான் அறுக்கிறேன் என்று கிளம்பி நிற்கிறான். மேலேயிருந்து மூணுல ஒரு பங்கு, மிச்சம் அடியிலேருந்து, இல்லேன்னா மெஷின் மரத்துக்குள்ள மாட்டிக்கும், எனக்குத் தெரியாததா அக்கா என்கிறான். தெரியும். ஆனால் துண்டு விழுந்து உருளும்போது விலகிக்கொள்ள அவனுக்குக் கால் வேண்டாமா? கட்டைக்காலை வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் நிற்கவே தடுமாறுகிறான்.

அன்று நடந்ததை நான் பூசி மெழுகப் போவதில்லை. சரிவில் மரம் அறுத்தால் மேட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நீங்கள், அவசரத்தில் அவனைப் பள்ளத்துப் பக்கம் போய், வெட்டில் அடிக்கும் ஆப்பை எடுக்கச் சொன்னீர்கள். தடி அவன் கால் மேல் உருண்டது. அதற்காக மெஷினையே தொடமாட்டேன் என்று நீங்கள் வீட்டை விட்டுக் கோடவுன் காவலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கால் போனதுக்கு மாமா மேல கோவமே இல்ல, ஒரு தடவைகூட வந்து பாக்கலையேன்னுதான் வருத்தம் என்கிறான். எனக்கு இரண்டுமே உண்டு.

நேற்று மெஷினின் அறுக்கும் பல் செயினைக் கழற்றி அரிசி டின்னில் ஒளித்தேன். எலி தின்றுவிட்டது என்றேன். இரும்பைத் தின்கிற எலிக்கு நம்ம வீட்டு அரிசி பிடிக்கலையாக்கும் என்று சிரித்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டான். இன்று அவன் குளிக்கப் போன நேரத்தில் மறுபடி கழற்றினேன்.

வீட்டில் இருந்தது அந்த ஒரு செயின்தான். பழைய துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கையை அறுத்துக்கொள்ளாதீர்கள். இனி அந்த மரத்தை அவன் அறுக்க முடியாது. நீங்கள் வராவிட்டால் யாருமே அறுக்க முடியாது. உங்கள் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழி எனக்குத்தான். தெரிந்துதான் செய்கிறேன்.

அத்தை உங்களைக் கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

செயினோடு உங்களை எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி